பாடும் பங்கும்: கோட்டைக்குப்பத்திலிருந்து நிறுவன நிலைபேற்றை வாசித்தல்

1. கேள்வி

கடலோரத் தமிழில் 'பாடு' என்ற சொல்லுக்குப் பல பொருள். வலையில் அகப்பட்டது மீன்பாடு. உழைப்பது பாடுபடுதல். அனுபவிக்கும் துன்பமும் பாடுதான். பழவேற்காடு ஏரிக்கரையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: முறை. ஏரியின் இன்ன இடத்தில் இன்ன முறைக்கு இன்னார் வலை கட்டலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் வழிவழியாக இந்தப் பாட்டுரிமை கொண்டவை.

இந்த ஊர்களுக்குத் தெற்கே கடற்கரையோரமாக இறங்கினால் காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், அவற்றுக்கும் தெற்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று வரிசையாக வரும். பெருநிறுவனங்கள் பல இன்று ஆண்டுதோறும் 'நிலைத்தன்மை அறிக்கை' வெளியிடுகின்றன. கரியமில வாயு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, நட்ட மரம் எவ்வளவு, சமூகப் பணிக்குச் செலவிட்டது எவ்வளவு என்ற கணக்குகள் அவற்றில் இருக்கும்.

ஒரே நீர்ப்பரப்பை அண்டி வாழும் இரண்டு கணக்குமுறைகள் இவை. ஒன்று பாடு, மற்றது பங்கு, அதாவது பங்குதாரருக்குக் காட்டப்படும் கணக்கு. நிறுவன நிலைபேறு என்று இன்று சொல்லப்படுவது யாருக்கு எதை, எந்த எல்லைக்குள் கணக்குக் காட்டுகிறது? ஏரிக்கரையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் விடை மாறுகிறதா? மாறுகிறது என்பதே என் வாதம். அறிக்கையில் உள்ள எண்கள் சரியாக இருக்கும்போதும் அதன் எல்லை தவறாக இருக்கக்கூடும். பழவேற்காட்டுச் சிக்கலில் பெரும்பகுதி எல்லையைப் பற்றியது.

2. பாடு: ஓர் ஏற்பாட்டின் உள்ளமைப்பு

இந்தியாவின் உவர்நீர்க் களப்புகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து பெரியது பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. தெற்கிலிருந்து ஆரணியாறும், ஆந்திரப் பக்கத்திலிருந்து காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியாக வந்து போகிறது. இந்த இரண்டு நீரும் கலக்கும் விகிதம்தான் ஏரியின் உயிர். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தவை மீண்டும் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரம் மணலேறி அடைபட்டால், உப்பின் அளவு மாறுவதோடு அடுத்த பருவத்து இறாலின் வழியும் அடைபடுகிறது.

பாட்டு முறை இந்த இயற்கையின் மேல் கட்டப்பட்டது. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் சுத்து வலை கட்டினால் இறால் கூடுதலாக விழும்; உள்ளே போகப் போகக் குறையும். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் சண்டை வரும். எல்லாரும் ஒரே இடத்தில் கட்டினால் எவருக்கும் மிஞ்சாது. எனவே இடங்கள் வகுக்கப்பட்டு, முறை சுழற்றப்பட்டது. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தில் தலைக்கட்டாகப் பதிவு பெற்றவருக்கே பாட்டுரிமை. விதிகளை ஊர்ப் பஞ்சாயத்து காக்கும், மீறினால் தண்டிக்கும். இந்த முறையை 1991-ல் செபாஸ்டியன் மேத்யூ ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக எழுதிய ஆய்வு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்ற கருத்து 1968-ல் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு கல்விப்புலத்தில் ஓங்கியிருந்தது. தனியாருக்குக் கொடு, இல்லையேல் அரசு எடுத்துக்கொள்ளட்டும் என்ற இரண்டு வழிகளையே அது காட்டியது. எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல் வெளியிட்ட நூல் அந்தக் கதவைத் திறந்தது. உரிமை உள்ளவர் யார் என்ற தெளிவு, இடத்துக்கு ஏற்ற விதி, விதியை வகுப்பதில் பயனாளருக்குப் பங்கு, கண்காணிப்பு, படிப்படியான தண்டனை, பூசலைத் தீர்க்கும் மன்றம் ஆகியவை இருந்தால் பொதுவளம் நீடிக்கும் என்று உலகின் பல மூலைகளிலிருந்து அவர் சான்று காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். அந்தப் பட்டியலை ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தால் பாட்டு முறையில் பெரும்பாலானவை பொருந்துகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாட்டில் 'அறிக்கை' கிடையாது. இன்று என் முறை, நாளை உன் முறை என்பதால், நான் இடத்தைக் கெடுத்துவிட்டுப் போனால் நாளை வலை கட்டுபவன் அதை நேரில் காண்பான், என்னையும் அறிவான். பொறுப்பு இங்கே சுழற்சிக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

3. பங்கு: ஜெல்டிரியாக் கோட்டையின் பாடம்

கோட்டைக்குப்பம் என்ற பெயருக்குள் ஒரு கோட்டை இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். அதைக் கட்டியது ஓர் அரசு அல்ல, ஒரு நிறுவனம். 1602-ல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பொதுமக்களுக்குப் பங்கு விற்று, அந்தப் பங்குகள் ஆம்ஸ்டர்டாமில் கைமாறிய முதல் பெரும் கூட்டுப் பங்கு நிறுவனம். சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை பழவேற்காடுதான். நெசவுத் துணி இங்கிருந்து கப்பலேறியது. வெடிமருந்து இங்கே செய்யப்பட்டது. 1620-களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றப்பட்டனர்.

அந்தக் கம்பெனிக்குள்ளும் கணக்கைப் பற்றிய சண்டை எழுந்தது. பத்து ஆண்டுகளில் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாசன விதி. அது காட்டப்படாமல் தள்ளிப்போனது. 1622-ல் பங்குதாரர்களின் அதிருப்தி துண்டுப் பிரசுரங்களாக வெடித்தது. கணக்கு எங்கே, ஈவுத்தொகை எங்கே, இயக்குநர்கள் பணத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டனர். நிறுவன வெளிப்படைத்தன்மைக்கான மிகப் பழைய போராட்டங்களுள் ஒன்று அது. பழவேற்காட்டிலிருந்து அடிமைக் கப்பல்கள் புறப்பட்டதும் அதே பத்தாண்டில்தான். பங்குதாரர் கேட்டது பணத்தின் கணக்கு. கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு எந்தக் கணக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்றைய நிறுவனங்களை அடிமை வணிகத்தோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. நான் சுட்டுவது அமைப்பு பற்றியது. பங்கு நிறுவனம் பிறந்த நாள் முதல் அதன் அறிக்கை பங்குதாரரை நோக்கியே எழுதப்பட்டது. நிறுவன நிலைபேறு பற்றிய நூற்றாண்டு விவாதம் அந்த முகத்தைத் திருப்புவதற்கான முயற்சி என்று சொல்லலாம். எவ்வளவு திருப்ப முடிந்தது என்பதை அடுத்து பார்ப்போம்.

4. நிலைபேறு: கருத்தும் சட்டமும்

லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் ஒரே சமூகப் பொறுப்பு என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970-ல் வாதிட்டார். விதிகளுக்கு உட்பட்டு லாபம் ஈட்டட்டும், மற்றதைச் சட்டமும் அரசும் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நிலை. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1950-ல், கே. வில்லியம் காப் தனியார் தொழிலின் சமூகச் செலவுகள் பற்றி எழுதியிருந்தார். ஆலை தன் செலவில் ஒரு பகுதியை ஆற்றின் மீதும் காற்றின் மீதும் மூன்றாம் மனிதர் மீதும் இறக்கிவைப்பதால்தான் அதன் லாபம் பெரிதாகத் தெரிகிறது என்பது காப்பின் கருத்து. பொருளியலில் இதைப் புறவிளைவு என்கிறோம். ஃபிரீட்மனின் வாதம் நிற்க வேண்டுமானால், புறவிளைவு அனைத்தையும் சட்டம் பிடித்துவிட வேண்டும். அப்படிப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

1987-ல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம், வருந்தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சி என்ற வரையறையைத் தந்தது. 1994-ல் ஜான் எல்கிங்டன், லாபம் என்ற ஒரே வரியோடு மக்கள், பூமி என்ற இரண்டு வரிகளையும் நிறுவனக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். மூவரிக் கணக்கு என்ற அந்தக் கருத்து உலகெங்கும் பரவியது. 2018-ல் எல்கிங்டனே அதைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். முதலாளித்துவத்தை மாற்றக் கொண்டுவந்த கருவி வெறும் கணக்குப் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது என்பது அவர் மனக்குறை. கருத்தைத் தந்தவரே அதன் பயன்பாட்டைச் சந்தேகித்தது நமக்கு முக்கியம்.

இந்தியாவில் இரண்டு சட்டக் கருவிகள் உள்ளன. முதலாவது, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது வந்த லாபத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பற்றியது. லாபம் எப்படி வந்தது என்று அது கேட்பதில்லை. குப்பத்தில் மருத்துவ முகாம் நடத்துவதும் பள்ளிக்குக் கட்டடம் தருவதும் அந்த இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கும். ஏரியின் முகத்துவாரம் மிஞ்சிய 98 விழுக்காட்டோடு சம்பந்தப்பட்டது.

இரண்டாவது கருவி, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021-ல் கொண்டுவந்த வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022–23 நிதியாண்டு முதல் இது கட்டாயம். ஒன்பது நெறிகளின் கீழ் கேள்விகள் உள்ளன. ஆறாவது நெறி சுற்றுச்சூழல். முன்பிருந்த தன்னார்வ வழிகாட்டிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எண் கேட்கிறது, ஒப்பிட வழி செய்கிறது.

ஆனால் அதன் கேள்விகளை நிறுத்திப் படிக்க வேண்டும். கேள்விகள் இரண்டு வகை: கட்டாயமானவை, விரும்பினால் விடையளிக்கக்கூடியவை. சூழல் நுட்பமான பகுதியில் அல்லது அதன் அருகில் நிறுவனம் இயங்குகிறதா, அனுமதி பெற்றிருக்கிறதா என்பது கட்டாயக் கேள்வி. அந்தப் பகுதியின் உயிர்ப்பன்மைக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் என்ன பாதிப்பு ஏற்பட்டது, என்ன தடுப்பு செய்யப்பட்டது என்பது விருப்பக் கேள்வி. தாள் இருக்கிறதா என்பதற்குக் கட்டாய விடை. ஏரிக்கு என்ன ஆனது என்பதற்கு விரும்பினால் விடை. அதோடு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. மாநில அரசின் மின் உற்பத்தி நிறுவனம் அப்படிப்பட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கழிவு சேர்ந்ததற்கு அந்த நிறுவனத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு 2022-ல் பொறுப்பாக்கியது. கேள்வி எழுந்தது தீர்ப்பாயத்தில்தான், அறிக்கையில் அல்ல.

5. எல்லை எங்கே முடிகிறது?

நிறுவனத்தின் அறிக்கை பெரும்பாலும் மதிற்சுவரோடு முடிகிறது. ஏரிக்கு மதில் இல்லை. இரண்டு எடுத்துக்காட்டுகளால் இதை விளக்கலாம்.

முதலாவது மணல். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் நிகரக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் சுவர் கட்டினால் அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்குப் பக்கம் பசியெடுத்த அலை கரையைத் தின்னும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பின் தெற்கே மெரினா அகன்றதையும் வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரித்ததையும் நகரமே பார்த்திருக்கிறது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் நிறுவனமாகப் பதிவாகித் தொடங்கிய நாட்டின் முதல் பெருந்துறைமுகம் அது. அதற்கு வடக்கே எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. 2018-ல் அதானி துறைமுக நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதற்கும் வடக்கே இருப்பது பழவேற்காட்டு மீனவர் கரையும் ஏரியின் முகத்துவாரமும்.

துறைமுகம் சூரிய மின்சாரத்தில் ஓடலாம். பாரந்தூக்கிகள் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறலாம். கரியமிலக் கணக்கு நிகர பூஜ்யத்தைத் தொடலாம். அத்தனையும் உண்மையாக நடந்தாலும் கடலுக்குள் நீளும் சுவர் மணலை மறித்துக்கொண்டுதான் இருக்கும். கரியமிலத்துக்கு அளவுகோல் இருக்கிறது, அதை அறிக்கையில் எழுத இடமும் இருக்கிறது. மறிக்கப்பட்ட மணலுக்கு அறிக்கையில் கட்டம் இல்லை. அதை முதலில் அளப்பவர்கள், கரையேற்றி வைத்த படகை ஒவ்வொரு ஆண்டும் இன்னும் உள்ளே இழுத்து வைக்கும் குப்பத்துக்காரர்கள்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத் திட்டம் இந்தக் கேள்வியைப் பெரிதாக்கியது. சுமார் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்கவும், ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் என்ற சரக்குத் திறனை 320 மில்லியன் டன்னாக உயர்த்தவும் முன்மொழியப்பட்டது. மதிப்பீடு 53,031 கோடி ரூபாய். திறன் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. சென்னைப் பின்னிலத்தின் தொழிற்சாலைகளுக்குப் பெரிய துறைமுகம் வேண்டும், வேலைவாய்ப்பு வரும் என்பது ஆதரிப்போர் வாதம். கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும், கடலும் ஏரியும் சேர்ந்தே போகும் என்பது மீனவ ஊர்களின் எதிர்ப்பு.

இரண்டாவது எடுத்துக்காட்டு எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. மணலிச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதவில்லை என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 என மொத்தம் 8.68 கோடி ரூபாய் நிவாரணத்தை மாநில அரசு அறிவித்தது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியதை இந்தக் கரை அதற்குள் மறந்திருக்கவில்லை.

நிவாரணக் கணக்கு எதைக் காட்டுகிறது, எதை விடுகிறது? குடும்பத்தையும் படகையும் எண்ணுகிறது. இருளர் பழங்குடிப் பெண்கள் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் கழிமுகத் தரையை எண்ணுவதில்லை. அவர்களுக்குப் படகே கிடையாது. அதே பக்கிங்காம் கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தைப் பழவேற்காடு ஏரியோடும் இணைக்கிறது. ஆலையின் வேலி எங்கே இருந்தாலும், நீர் போகும் இடமெல்லாம் ஆலையின் எல்லைதான்.

6. நீதிமன்றம் வரைந்த 1,000 மீட்டர்

எல்லையை நிறுவனம் தானே வரையாவிட்டால் வேறொருவர் வரைவார். 1996-ல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இரண்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் அதைச் செய்தது. ஆகஸ்டில், தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றுப் படுகையைக் கெடுத்தது பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பானது. டிசம்பர் 11-ல், கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் தொடர்ந்த இறால் பண்ணை வழக்கில் தீர்ப்பு வந்தது. சிலிக்கா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லி, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் வணிக இறால் பண்ணை கூடாது என்றது நீதிமன்றம்.

இறால் பண்ணையும் தன் கணக்கில் லாபகரமான, ஏற்றுமதிப் பணம் கொண்டுவந்த தொழில்தான். குளத்தின் வரப்போடு அதன் கணக்கு முடிந்தது. உவர்நீர் ஊறிய வயலும் கெட்ட கிணறும் வரப்புக்கு வெளியே இருந்தன. நீதிமன்றம் வரப்பை 1,000 மீட்டர் தள்ளிவைத்தது. பின்னர் 2005-ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைத் தொழிலுக்குத் தனி ஒழுங்குமுறை தந்து அந்தத் தீர்ப்பின் பிடியைத் தளர்த்தியது. நீதிமன்றம் எல்லை வரையலாம். அதைச் சட்டமன்றம் நகர்த்தலாம். இரண்டுக்கும் இடையில் ஏரிக்கு வேண்டியது, வரைந்த எல்லையை நாள்தோறும் காத்து நிற்பவர்கள்.

7. எதிர்வாதங்கள்

இதுவரை சொன்னதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முதல் மறுப்பு கடினமானது: பாட்டு முறையே நியாயமானதா? அது சாதியின் அடிப்படையிலானது. ஏரியில் மீன்பிடிக்கும் தலித்துகளும் பழங்குடியினரும் பிற சமூகத்தினரும் நல்ல இடங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தலைக்கட்டு என்பது ஆண்; மீன் விற்கும் பெண்ணுக்கு விதி வகுப்பதில் இடமில்லை. சாதிவழி வரும் இந்த உரிமை, சூழல் மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதில் மீனவர்களிடையே எப்படி வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று சாரா குல்தார்டு 2008-ல் வெளியிட்ட ஆய்வு விரிவாகப் பேசுகிறது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். பாடு தன் எல்லையைத் தெளிவாக வரைந்ததால் நீடித்தது. அந்தத் தெளிவான எல்லைக்கு வெளியே மனிதர்களை நிறுத்தியும் வைத்தது. ஆகவே பாட்டை அப்படியே முன்மாதிரி ஆக்க முடியாது. அதன் சுழற்சிக் கொள்கையை எடுத்துக்கொண்டு, அதன் பட்டியலை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: ஏரியின் எல்லாக் கேட்டையும் நிறுவனங்களின் தலையில் கட்டலாமா? கூடாது. ஆற்றுநீர் குறைந்தது, ஊர்க் கழிவு, சிறுகண் வலைகள், வலைகளின் பெருக்கம், மழையின் மாற்றம் என்று காரணம் பல. ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டித் தப்ப இந்தப் பன்மையே வசதி செய்கிறது. தனித்தனி ஆலைக்குத் தனித்தனி மதிப்பீடு செய்யும் வரை எந்த ஆலையும் குற்றவாளி ஆகாது. கூட்டுத்தொகைக்கு உரிமையாளர் இல்லாமல் போகும்.

மூன்றாவது மறுப்பு: துறைமுகமும் மின்சாரமும் வேண்டாமா? வேண்டும். சென்னையில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து இதை எழுதுபவர் மறுக்க இயலாது. ஆனால் இந்த மறுப்பே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. மின்சாரத்தின் பயன் மாநகரெங்கும் பரவுகிறது. சாம்பல் ஒரே கழிமுகத்தில் குவிகிறது. பயன் பொது, பாடு தனி என்ற இந்தப் பிரிவினையைத்தான் பொறுப்பான தொழில் முதலில் கணக்கில் ஏற்ற வேண்டும்.

8. முடிவு: ஏரிக்கரையின் நான்கு கேள்விகள்

இனி, நிலைபேறு பற்றிய எந்த அறிக்கையையும் நான்கு கேள்விகளோடு வாசிக்கலாம்.

ஒன்று, எல்லை. ஆலையிலிருந்து நீர், மணல், சாம்பல், சூடு ஆகியவை போய்ச் சேரும் இடம் வரை அறிக்கை போகிறதா? சூழல் நுட்பப் பகுதியின் பாதிப்பு பற்றிய செபியின் விருப்பக் கேள்வி கட்டாயமாக வேண்டும். பட்டியலிடாத அரசு நிறுவனங்களுக்கும் அது பொருந்த வேண்டும்.

இரண்டு, கூட்டுத்தொகை. எண்ணூர் முதல் பழவேற்காடு வரை உள்ள துறைமுகங்கள், மின் நிலையங்கள், ஆலைகள் அனைத்தும் ஒரே நீரமைப்பில் இருக்கின்றன. அவற்றின் விளைவை ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் கணக்கு இருக்கிறதா?

மூன்று, மொழி. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக்கேட்புக்கு முன் மதிப்பீட்டின் சுருக்கத்தை வட்டார மொழியில் தரச் சொல்கிறது. கரையோரக் குடும்பத்துக்குத் தமிழில் கிடைப்பது அந்தச் சுருக்கம். கடல் நீரோட்டமும் மணல் நகர்வும் பற்றிய அட்டவணைகள் ஆங்கிலப் பக்கங்களில் இருக்கின்றன. ஊர்க்கூட்டத்தில் முழுமையாகப் படித்துக் காட்ட முடியாத அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? அந்தக் கூட்டத்தில் தலைக்கட்டுகளோடு, பாட்டுக்கு வெளியே நின்ற இருளரும் தலித்தும் மீன் விற்கும் பெண்களும் உட்கார வேண்டும்.

நான்கு, தண்டனை. பாட்டு விதியை மீறியவர் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நிலைத்தன்மை அறிக்கையில் எழுதிய உறுதியை மீறிய நிறுவனம் யாரிடம் பதில் சொல்கிறது? விடை 'முதலீட்டாளரிடம்' என்றால் நாம் இன்னும் 1622-ல் இருக்கிறோம்.

இந்த நான்குக்கும் விடை தராத அறிக்கை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் தணிக்கையில் தேறலாம். அது பங்கின் கணக்கு. பாட்டின் கணக்கு அதில் தொடங்கவே இல்லை என்பதுதான் என் முடிவு. ஏரியை நீடிக்க வைப்பது, அடுத்து வலை கட்ட வருபவனுக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கு மட்டுமே.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரி 22-க்கும், பிறகு 2023 செப்டம்பர் 5-க்கும் குறிக்கப்பட்டது. இரண்டு முறையும் அது ஒத்திவைக்கப்பட்டது.